மாமியாருக்கு ஒரு அறுவை

அன்று ஒரு வீர முடிவு எடுத்தேன். என் மனைவியும் மாமியாரும் ராத்திரியில் போன் பேசுவதை ஒழித்தே தீருவது!

அவசரப்பட்டு என்னைத் திட்டாதீர்கள். அம்மாவும் மகளும் பேசட்டும். கால்பந்து ஆரம்பிக்கிற நேரம் பார்த்தா பேச வேண்டும்? எங்கள் வீடோ ஒற்றை அறை. அவள் போனை எடுத்தால் டிவி ஊமை. கோல் விழுந்தால் தலையணையைக் கடித்துக்கொண்டுதான் கத்துவேன். இறுதி ஆட்டம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

சண்டை போட்டால் நான்தான் தோற்பேன். ஆகவே தந்திரம். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கம்ப்ரஸரைப் பற்றி ஆரம்பித்தேனானால் நண்பர்களே தெருமுனை வரை ஓடுவார்கள். அந்த அஸ்திரத்தை மாமியார் மேல் ஏவினேன்.

போன் அடித்தது. மனைவிக்கு முன்னால் பாய்ந்து எடுத்தேன்.

“அத்தை, நான்தான். இன்னிக்கு ஒரு ஃபிரிட்ஜ் பாத்தேன். கேஸ் லீக்.”

“அய்யய்யோ! எந்த இடத்துல மாப்பிள்ளை?”

இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

“பின்னாடி குழாயில அத்தை...”

“ஓட்டைய அடைச்சீங்களா, குழாயவே மாத்திட்டீங்களா?”

அவ்வளவுதான். நான் போனை வைத்தபோது ஆட்டமே முடிந்திருந்தது.

மறுநாள் அவர் மகளைத் தேடவே இல்லை. “மாப்பிள்ளைகிட்ட குடு, அந்தக் குழாய் என்னாச்சுன்னு கேக்கணும்.” அதற்கடுத்த நாள் மாமனாரும் போனில் வந்து சேர்ந்துகொண்டார். என் மனைவி? காலை நீட்டி உட்கார்ந்து சீரியல் பார்த்தாள். சத்தமாக!

“ஏங்க, மாடிப்படியில போய்ப் பேசுங்களேன். வசனம் கேக்கல.”

இறுதி ஆட்ட நாளும் வந்தது. கெஞ்சினேன்.

“இன்னிக்கு ஒரு நாள் உங்கம்மாகிட்ட நீயே பேசேன்.”

“நீங்க வேலைக்குப் போனதுமே பேசியாச்சு. இப்பல்லாம் தினம் காலையிலதான்.”

“அப்ப ராத்திரி?”

“அது மாப்பிள்ளை நேரமாம்.”

“என்னால முடியாதும்மா. இன்னிக்கு வேணாம்னு சொல்லிடேன்.”

“எப்பவோ சொல்லிட்டேன். இன்னிக்கு எங்கம்மா கூப்பிட மாட்டாங்க, போதுமா?”

தெய்வமே! இவளையா எதிரியாக நினைத்தேன்? டிவியை முழுச் சத்தத்தில் வைத்தேன். விசில் ஊதினார்கள். பந்து உருண்டது.

போன் அடித்தது. என்னைப் பெற்ற தாய்.

“ஏன்டா, என்கிட்ட பேச உனக்கு நேரமே இல்ல, மாசத்துக்கு ஒரு ஹலோ. மாமியாருக்கு மட்டும் தினம் ஒரு மணி நேரமா?”

“யா... யாரும்மா சொன்னது?”

“உன் பொண்டாட்டிதான். தங்கமான பொண்ணுடா. ‘இனிமே இந்த நேரத்துல நீங்க கூப்பிடுங்க அத்தை, அவர் சும்மாதான் இருப்பாரு’ன்னா. தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன். நிதானமாப் பேசலாம்.”

பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. டிவி ஊமையானது.

“ஸ்பீக்கர்ல போடுங்க. உங்கம்மா பேசுறது எனக்கும் கேக்க வேணாமா?”