கொம்புச் சித்தர் பறந்த கதை

கொம்புச் சித்தர் எட்டடி வேலியைக் கால் படாமல் பறந்து கடப்பார் என்று புலம்பெயர் தமிழர் வாழும் ஸ்காபரோ முழுக்கப் பேச்சு. பறந்ததை ஒருவரும் கண்டதில்லை. அதனாலேயே எல்லோரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

போன வருடம்வரை பிறம்ரனில் லொறி ஓட்டியவர். வீதியில் மான் ஒன்றை மோதியபோது ஞானம் பெற்றாராம். மானுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

பிக்கரிங்குக்கு வடக்கே மாக்கஸ் என்ற வெள்ளைக்காரரின் மான் பண்ணை. கொம்புக்காகவே வளர்க்கும் மான்கள். ஒரு கன்றை வாங்கி அங்கேயே வளர விட்டால் கொம்பு விற்ற காசு வீடு தேடி வரும். எந்தக் கன்றுக்குப் பெரிய கொம்பு வரும்? அங்கேதான் சித்தர் வருகிறார். கன்றின் நெற்றியில் தேசிக்காய் என்ற எலுமிச்சையை வைப்பார், கண்ணை மூடுவார், "பன்னிரண்டு கிளை!" என்று முழங்குவார். தட்சணை தங்கப் பவுணில் மட்டும். ஞானிகள் காசைத் தொடுவதில்லையல்லவா?

அந்த ஒக்டோபர் ஞாயிறு பண்ணையில் திரண்ட கூட்டத்திடம் றிச்மண்ட் ஹில் தேர்த்திருவிழா தோற்றது. வரிசையில் நின்ற அருள்நாயகியின் கழுத்தில் தாலிக்கொடி. இன்னும் சற்று நேரத்தில் அது தட்சணையாகச் சித்தரின் பைக்குள் போகவேண்டும்.

"கழட்டுமப்பா, எங்கட முறை வருகுது," என்றார் கணவர் சச்சிதானந்தன்.

"கட்டேக்க ஐயர் மந்திரம் சொன்னவர். கழட்டேக்க தேசிக்காயோ?"

"வாயை மூடும். அவர் பறக்கிறவர்!"

"பறக்கிறவர் ஏனப்பா வாடகை வான் பிடிச்சு வந்து இறங்கினவர்?"

அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். சித்தர் தேர்ந்த கன்றுகளின் காதுகளில் எல்லாம் மஞ்சள் அட்டை. மாக்கஸிடம் கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை. ஆண்டுதோறும் கொம்புகளை அளந்து, மிகப் பெரிய கொம்புள்ள ஆண்மானைத்தான் இனத்துக்கு விடுவாராம். அதற்குப் பிறந்த ஆண் கன்றுகளுக்கே மஞ்சள்.

அருள்நாயகி எல்லா அட்டைகளையும் கறுப்பு ஒட்டு ரேப்பால் மூடச் செய்தாள்.

"ஐயா, இப்ப எங்களுக்கு ஒண்டு தெரிஞ்செடுங்கோ."

சித்தர் ஒவ்வொரு காதாகப் பார்த்தார்; எல்லாம் கறுப்பு. தேசிக்காய் அங்கே இங்கே அலைந்து ஒரு நெற்றியில் நின்றது. "பன்னிரண்டு... இல்லை, பதினாறு கிளை!"

மாக்கஸ் ரேப்பைப் பிரித்தார். வெள்ளை அட்டை. வாலையும் தூக்கிக் காட்டினார். பெட்டை! இந்த இனத்தில் பெட்டைக்குக் கொம்பே முளைக்காது.

"எங்கட பவுண் எங்கையடா?" என்று சனம் பாய்ந்தது. சித்தர் கைக்குக் கிடைத்த படலையைத் திறந்து உள்ளே ஓடினார். உள்ளே நின்றது மஞ்சள் கன்றுகளின் தகப்பன். இணைசேரும் பருவம், தன் நிழலையே முட்டும் கோபம். அது தலையைக் குனிந்தது.

அடுத்த கணம் பவுண் பை பின்வேலிக்கு இந்தப் பக்கம் கிடந்தது. கொம்பு தூக்கி எறிந்த சித்தர் வேலிக்கு மேலால் போய் அந்தப் பக்கம் கிடந்தார்.

"அப்ப பறக்கிறதும் பொய்யோ?" என்றார் சச்சிதானந்தன், அழாக்குறையாக.

அருள்நாயகி தாலிக்கொடியைச் சேலைக்குள் விட்டாள். "மாக்கஸ் மானையே அளந்து பாத்துத்தான் எடுக்கிறார். நீங்கள் சாமியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தனீங்கள். ஆனா பறந்தது உண்மையப்பா. எட்டடி வேலி, கால் படேல்லை. என்ர ரெண்டு கண்ணாலயும் கண்டனான்."