திமிங்கிலத்துக்கு ஒரு பொன்னாடை

கடலைப் பற்றி ஆழ்ந்து திட்டமிடக் கடல் இல்லாத ஊரே தகுந்தது. கடற்கரையில் காற்று காகிதத்தைப் பறக்கடிக்கும். அலைச் சத்தத்தில் தீர்மானங்கள் காதில் விழா. திருமங்கலத்தில் அந்தத் தொல்லைகள் இல்லை. எனவேதான் எண்பத்து மூன்றாம் ஆண்டு எங்கள் ‘அறிவு வளர்ச்சி மன்றம்’, கடற்கரை ஊரான மண்டபத்தில் படகேறித் திமிங்கிலம் பார்த்து வருவது என்று ஒருமனதாக முடிவு செய்தது.

மன்றத்தில் எல்லாமே ஒருமனதுதான். தலைவர் காசிமாயனின் கமிஷன் கடை மாடியில், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவருடைய காப்பியைக் குடித்துக்கொண்டு வேறொரு மனது வைத்திருப்பது எளிதல்ல. என் கணவர் நல்லகாமன் செயலாளர். நான் ‘மகளிர் அணி’. முழு அணியும் நானே.

மன்றத்தின் பெருமை அதன் ஒழுங்கு. தலைவர் எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். அவர் உட்காரும்வரை யாரும் உட்காரக் கூடாது. தலைவர் வெற்றிலை போடுபவர். எச்சில் துப்ப ஜன்னலுக்குப் போவார். மன்றமும் எழுந்துபோய் அவர் பின்னால் மரியாதையாக நின்று, அவர் துப்பியதும் அவரோடு திரும்பி வந்து அமரும். பாயில் உட்கார்ந்திருக்கும் மகளிர் அணிக்கு மட்டும் விலக்கு உண்டு.

மாசியில் தொடங்கிய திட்டமிடல் சித்திரையைத் தாண்டியது. முதன்மையான பொருள், திமிங்கிலத்துக்குப் பொன்னாடை.

“எம்புட்டு நீளம் வாங்கணும்ணே?” என்றார் துணைத் தலைவர் ஆண்டிச்சாமி.

“ஆளப் பாக்காம எப்படிய்யா அளவு சொல்றது? பெருசாவே வாங்கு” என்றார் தலைவர்.

“அது தண்ணிக்குள்ளல்ல கெடக்கும். எப்படிப் போத்துறது?”

“விரிச்சுக் காட்டுனாப் போதும். போட்டோவுல விழுந்துரும்.”

வரவேற்புரை யார், நன்றியுரை யார், திமிங்கிலம் வராவிட்டால் யாரிடம் விளக்கம் கேட்பது என்பனவும் விரிவாக ஆராயப்பட்டன. படகின் பலகை தலைவரின் தகுதிக்குக் குறைவு என்பதால், கடையின் இரும்பு நாற்காலிகளையே லாரியில் கொண்டுபோவதாகத் தீர்மானமாயிற்று.

என் கணவருக்கு நீந்தத் தெரியாது. கண்மாயில்கூட முழங்காலுக்கு மேல் இறங்காதவர். நான் வீட்டில் ஓயாமல் நச்சரித்ததால் கடைசிக் கூட்டத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அண்ணே, நம்மள்ல எம்புட்டுப் பேருக்கு நீச்சல் தெரியும்? லாரி ட்யூப் ரெண்டு மூணு எடுத்துக்கிட்டா...”

“மாப்ள, நாம பாக்கத்தான போறோம்? நீந்தப் போறது திமிங்கிலம்.”

மன்றம் சிரித்தது. என் கணவரும் சிரித்தார். பிறகு செயலாளர் என்ற முறையில் அவரே எழுதினார்: ‘தலைவரின் விளக்கம் மனநிறைவுடன் ஏற்கப்பட்டது.’

மண்டபத்தில் படகுக்காரர் பீர் முகமது நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, “கல்யாணம் நடுக்கடல்லயாண்ணே?” என்றார். ஆடாமல் உட்கார்ந்திருந்தால் போய் வந்துவிடலாம் என்றும் சொன்னார். உட்காருவதில் எங்கள் மன்றத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு என்று தலைவர் உறுதியளித்தார். படகில் ஏறியதும் என் கணவர் செய்த முதல் வேலை, தலைவரின் நாற்காலியைத் தன் தோள்துண்டால் துடைத்தது. நான் வழக்கம்போல் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

கரை ஒரு கோடாக மெலிந்தபோது வலப்பக்கம் கறுப்பாக ஏதோ மிதந்தது. அது தார் டின் என்று பின்னால் தெரிந்தது. தலைவர் எழுந்து அந்த ஓரத்துக்குப் போனார். மன்றமும் எழுந்தது. எழுந்துபோய், அவர் பின்னால், அதே பக்கத்தில், மரியாதையாக நின்றது. ஆண்டிச்சாமி பொன்னாடையைப் பிரித்தார்.

“ஒரே பக்கமா நிக்காதீக. உக்காருங்கண்ணே” என்று பீர் முகமது கத்தினார்.

நான் என் கணவரின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். “நீங்களாவது உக்காருங்க.”

“தலைவரு நிக்கிறாருல்ல, பாண்டியம்மா” என்றார் அவர்.

படகு கவிழ்ந்தது.

பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களை இழுத்துப் போட்டார்கள். முதலில் தலைவர் கிடைத்தார். பொன்னாடையும் கிடைத்தது. என் கணவரை மறுநாள் கடலே கொண்டுவந்து கரையில் போட்டது.

இரங்கல் கூட்டத்தை அதே மாடியில் சிறப்பாகவே நடத்தினார்கள். அந்தப் பொன்னாடையைத் துவைத்துக் காயவைத்து என் கணவரின் படத்துக்குப் போர்த்தினார்கள். திமிங்கிலத்துக்கு வாங்கியது அல்லவா? படத்தை முழுக்க மூடி, மேசையையும் தாண்டித் தரைவரை தொங்கியது. பயணத் திட்டத்தில் குறை ஏதும் இருந்ததில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

“நல்லகாமன் மாதிரி ஒழுங்கான ஆள் இனிக் கெடைக்க மாட்டான்” என்றார் தலைவர். அது உண்மை.

பேசி முடித்ததும் அவர் வாயில் வெற்றிலையோடு ஜன்னலுக்குப் போனார். மன்றம் எழுந்துபோய் அவர் பின்னால் நின்றது. அன்று விதவைக்கென்று எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் அதிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆண்டிச்சாமி திரும்பி, மெல்லிய குரலில் சொன்னார்:

“எந்திரிம்மா. தலைவரு நிக்கிறாருல்ல.”

நான் எழவில்லை. தலைவர் துப்பினார். வந்து உட்கார்ந்தார். அதன் பிறகே எல்லோரும் உட்கார்ந்தார்கள்.