பிலவேந்திரன் வாத்தியாரின் புடலங்காய்

ஆடி மாதத்து முதல் ஞாயிறு. பூசை கண்டு வந்த காலோடு பிலவேந்திரன் வாத்தியார் கொல்லையில் போய் நின்று ஒரு பிரகடனம் செய்தார்.

"புஷ்பம்! யுத்தம் முடியுற வரைக்கும் இந்த வூட்டுக்குள்ள சந்தைக் காய் நுழையக் கூடாது. எல்லாம் நம்ம கொல்லைதான்!"

'அதிக உணவு விளைவியுங்கள்' என்று அரியலூரில் ஒட்டியிருந்த சர்க்கார் நோட்டீசை அவர் மூன்று தடவை படித்திருந்தார். மண்வெட்டியை ஒரு தடவையும் தொட்டதில்லை.

மரிய புஷ்பம் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். "அது கெடக்கட்டுங்க. செபமாலை மாதா திருநாளுக்கு ஏலாக்குறிச்சிக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போகணும்னேனே. ஒரு மாசம் இருந்துட்டு வரேன்."

ஒரு மாசம்! போன தடவை அவள் ஊருக்குப் போனபோது வாத்தியார் வடித்த சோற்றைக் காக்கை கூடக் கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது.

"பந்தயம்! திருநாளுக்குள்ள என் கையால விளைஞ்ச காய் குழம்புல கொதிச்சா, நீ இந்த வருஷம் எங்கயும் நகரக் கூடாது. கொதிக்கலன்னா, நானே கொண்டுபோய் விடுறேன்."

"சரிங்க. மொதல்ல வெதையை மாதா படத்துக்கிட்ட வச்சு எடுத்துத் தரேன்."

விதைப் பொட்டலத்தை வைத்து முழங்காலிட்டவள் என்னவோ நீளமாக முணுமுணுத்தாள். வாத்தியாருக்குக் கை துறுதுறுத்தது. "ஆமென், ஆமென்! சீக்கிரம் குடு!" என்று பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

கீரை முளைத்தது. வாத்தியார் விழுந்து விழுந்து களை எடுத்தார். பத்தாம் நாள் பக்கத்து வீட்டுக் கமலவேணி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் வாத்தியாரே, கோரைக்கு எதுக்கு இம்புட்டுத் தண்ணி?"

"கோரையா? கீரைம்மா!"

"கீரை அந்தாக் கெடக்கு. நீங்க புடுங்கி எறிஞ்ச குப்பையில!"

அடுத்தது கத்தரி. பச்சைச் சாணத்தைக் கூடை கூடையாகக் கொட்டினார். சூடு தாங்காமல் செடி அத்தனையும் கருகிப் போயின. வெண்டையைக் கமலவேணியின் ஆடு ருசி பார்த்துவிட்டது.

மிஞ்சியது புடலங்கொடி. பந்தலில் ஐந்து பிஞ்சு தொங்கியது! காய் கோணாமல் நீளுவதற்கு நுனியில் கல் கட்டுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். 'சின்னக் கல்லுக்கே நீளுமென்றால் பெரிய கல்லுக்கு?' என்று கணக்குப் போட்டு அரைச் செங்கல்லாகக் கட்டினார். பொழுது விடிந்தபோது நான்கு செங்கல்லும் நான்கு பிஞ்சும் தரையில் கிடந்தன.

ஐந்தாவது மட்டும் பிழைத்தது. அதன் நுனியில் செங்கல் இல்லை. புளியங்கொட்டை அளவு கூழாங்கல் ஆடியது. மாற்றிக் கட்டியது யார்? வாத்தியார் கேட்கவில்லை. புஷ்பமும் சொல்லவில்லை.

திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் காய் மூன்றரை முழம்! வாத்தியார் அதை அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் பாய்ந்தார்.

"ஜெயிச்சிட்டேன் புஷ்பம்! அரிவாள்மணையை எடு!"

"ஐயையோ, அதைத் தொடாதீங்க!" என்று அலறினாள் அவள். "அது மொதக் காயி! ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்தது. அதை அறுத்தா நம்ம கொழந்தைக்கு ஆகுமா?"

"யாரைக் கேட்டு நேர்ந்தே?"

"ஒங்க பக்கத்துல முழங்கால் போட்டுத்தானே நேர்ந்தேன்! நீங்கதானே ரெண்டு தடவை ஆமென் சொன்னீங்க?"

வாத்தியார் கொல்லைக்கு ஓடி அண்ணாந்து பந்தலைப் பார்த்தார். ஒரு பூ கூட இல்லை.

மறுநாள், பெட்ரோல் பஞ்சத்தால் கரிப்புகையில் ஓடிய பஸ்சில், குழந்தை புஷ்பத்தின் மடியில். புடலங்காய் வாத்தியார் மடியில். மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். வாத்தியார் காயைத் தோளில் சார்த்திக்கொண்டு தள்ளினார். "பாம்பாட்டி சார், கொஞ்சம் ஒதுங்குங்க!" என்றான் கண்டக்டர்.

திருநாள் பூசை முடிந்ததும் காணிக்கைக் காய்களைக் கோயில் வாசலில் ஏலம் விட்டார்கள். போட்டி போட்டுக் கேட்டுப் புடலங்காயை எடுத்தது அவருடைய மாமியார்.

மத்தியானம் மாமியார் வீட்டில் இலையில் குழம்பு விழுந்தது. அதில் வட்ட வட்டமாகப் புடலங்காய்! வாத்தியார் துள்ளி எழுந்தார். "கொதிச்சிடுச்சு! திருநாளுக்குள்ள கொதிச்சிடுச்சு! பந்தயத்துல நான் ஜெயிச்சிட்டேன்!"

"ஆமாங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க" என்று புஷ்பம் இன்னொரு கரண்டி ஊற்றினாள். "பேசினபடி இந்த வருஷம் இனிமே நான் எங்கயும் நகரமாட்டேன். சாப்பிட்டுட்டு, நாலரை பஸ்சுக்கு நீங்க கெளம்புங்க."