ஒரு தட்டாவது விட்டு வை

இதில் ஒரு சொல் பொய்யென்றால், எனக்கு மிச்சமிருக்கும் இரண்டு பல்லும் இன்றே உதிரட்டும்.

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவருக்கு இருந்த ஒரே சுகம், சாயங்காலம் பாத்திரம் கழுவுவது. ரேடியோவில் பழைய பாட்டு, முழங்கை வரை நுரை, முக்கால் மணி நேரம். பிசுக்கு போனதும் உண்டு, போகாததும் உண்டு. ஆனால் அதன்பிறகு நன்றாகப் பசிக்கும். படுத்தால் தூக்கம் வரும்.

அதற்குத்தான் மகள் வேட்டு வைத்தாள். வீட்டு வேலையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும் இயந்திரம் என்று ஒரு வெள்ளைப் பெட்டியை அனுப்பினாள். மெக்கானிக் வந்து சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். விளக்கு எரியவில்லை, சத்தமும் இல்லை. நிறைகுடம் தளும்பாது என்று லாரிக்காரர் எண்ணிக்கொண்டார்.

அன்று நடந்துவிட்டுத் திரும்பினால் பாத்திரமெல்லாம் பளபள. மறுநாள் பாதி வழியிலேயே ஓடிவந்தார், பெட்டி முந்திக்கொண்டிருந்தது. நடப்பதை நிறுத்தினார். அவர் குளிக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. குளிப்பதையும் நிறுத்தினார். குளிக்காத மூன்றாம் நாள் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரைக் குளியலறைக்குள் தள்ளினாள். வெளியே வருவதற்குள் பாத்திரத் தொட்டி காலி.

எச்சில் தட்டு ஒன்றைக் கட்டிலுக்கடியில் ஒளித்தார். அது கழுவப்பட்டு அலமாரிக்கு வந்தது. கூடவே, தொலைந்துபோன அவர் மூக்குக்கண்ணாடியும், பட்டன் அறுந்திருந்த சட்டை புதுப் பட்டனோடும் வந்தன.

"பட்டன்கூடத் தைக்குது."

"காலம் முன்னேறிடுச்சுல்ல," என்றாள் மனைவி, விரலைச் சப்பிக்கொண்டே.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண் மூடவில்லை. இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. கடைசியில், மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்ததையும் பாராமல், பெட்டி முன் கைகூப்பி நின்றார்.

"உனக்குப் புண்ணியமாப் போகும்ப்பா. ஒரு தட்டாவது விட்டு வை."

அன்று சாயங்காலம் தொட்டியில் ஒரே ஒரு தட்டு இருந்தது. அதை ஆறு பாட்டு முடியும்வரை கழுவினார். இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினார்.

காலையில் பார்த்தால், அதே தட்டு மறுபடி கழுவப்பட்டு ஈரத்தோடு கவிழ்ந்திருந்தது.

பட்டினிகூடப் பொறுக்கலாம், இந்த அவமானத்தைப் பொறுக்க முடியுமா? மெக்கானிக்கை வரவழைத்தார்.

"இதோட புத்தியைக் கொஞ்சம் குறைச்சு வைங்க, தம்பி."

மெக்கானிக் மூடியைத் திறந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"ஐயா, இதுக்கு நான் இன்னும் கரண்டே கொடுக்கலையே. சும்மா மாட்டிட்டுப் போனாப் போதும்னு அன்னைக்கே உங்க வீட்டம்மா சொல்லிட்டாங்களே."