முப்பத்தெட்டாவது செக்கன்

இலங்கைத் தீவின் நிர்வாக வரலாறு எழுதப்படும் நாளில், தில்லந்துறைக் கிராம உத்தியோகத்தர் கோணாமலைக்கு அதில் ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கப்படாவிட்டால், அந்த வரலாற்றைக் கிழித்து வடை சுற்றக் கொடுத்துவிடலாம். கதிரையை விட்டு எழும்பாமலே, இல்லாத ஒரு நகரத்துக்குச் சென்று களப் பரிசோதனை நடத்தித் திரும்பிய முதல் அரச உத்தியோகத்தர் அவர்தான். இருக்கிற ஊரைப் பார்க்கவே ஆட்கள் வெளிக்கிடாத காலத்தில் இது லேசுப்பட்ட சாதனையா?

எல்லாம் ஒரு மொட்டைக் கடிதத்தில் தொடங்கியது. மொட்டைக் கடிதங்கள் மீது கோணாமலைக்குப் பெரும் மதிப்பு உண்டு. கையொப்பம் வைத்து எழுதுகிறவன் தன் பெயரைப் பெரிதாக நினைக்கிறவன். பெயர் போடாமல் எழுதுகிறவனோ புகழை விரும்பாத 'பொதுநலவாதி'. பதினெட்டு வருட சேவையில் அவர் கண்ட முடிவு இது. ஆகவே மொட்டைக் கடிதம் வந்தால் அன்றைக்கே நடவடிக்கை. கையொப்பமிட்ட முறைப்பாடு வந்தால் 'பரிசீலனையில்' என்று எழுதி மஞ்சள் கோவைக்குள் வைத்துவிடுவார்.

வந்த கடிதம் இதுதான்: "உமது பிரிவில் இருக்கும் ஆர்த்திகா என்பவள் பெரும் குற்றவாளி. போன கிழமை மாத்திரம் பதினேழு வாகனம் களவெடுத்தாள். பொலிஸ்காரருக்கு அடித்தாள். நகைக்கடை ஒன்றைக் கொள்ளையடித்தாள். இவளுக்கு நற்சான்றிதழ் கொடுத்தால் மேலிடத்துக்கு எழுதப்படும். இப்படிக்கு, உண்மை விளம்பி."

கடிதம் வந்த அதே வெள்ளிக்கிழமை காலையில் குற்றவாளியும் தன் காலாலேயே நடந்து வந்தாள். ஆர்த்திகாவுக்கு இருபத்துநான்கு வயது. கனரக வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தாள். கரடியனாற்றுப் பக்கம் பால் சேகரிக்கும் கம்பனி ஒன்று தன் லொறிக்குச் சாரதியாக அவளைத் தெரிவு செய்திருந்தது. ஒரேயொரு கடதாசிதான் குறை. கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழை அன்று பின்னேரம் நான்கு மணிக்கு முன் கொடுக்காவிட்டால் லொறி அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கோணாமலை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பிள்ள, நீ பதினேழு வாகனம் களவெடுத்தியா?"

ஆர்த்திகா கொஞ்சம் யோசித்தாள். "இல்ல சேர். இருபதுக்கு மேல வரும். ரெண்டு ஹெலிகொப்டரும் இரிக்கு."

கோணாமலையின் பேனை நின்றுவிட்டது. ஹெலிகொப்டருக்குப் படிவத்தில் நிரல் இல்லை.

"அது கேம் சேர்! பஸ் வரும் வரைக்கும் ஹோல்ட்டில இருந்து விளையாடுற. யாரோ தோளுக்கு மேலால பார்த்திட்டுச் சொல்லியிரிக்காங்க." அவள் பையிலிருந்து கையடக்கமான ஒரு விளையாட்டுப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். காத்தான்குடியில் றமீஸ் என்பவரின் தொலைபேசிக் கடையில் வாங்கிய பழைய பெட்டி. "பெரிய டவுண் ஒண்டு உள்ளுக்குள்ள இரிக்கு. எங்க வேணுமெண்டாலும் போகலாம், எந்தக் களவும் செய்யலாம்."

"நீ சொன்னாப்போல முடிக்க ஏலாது" என்றார் கோணாமலை. "சம்பவ இடத்த நான் நேர்ல பார்க்க வேணும்."

இவ்வாறாக, பெட்டி கோணாமலையின் கைக்கு மாறி, முற்பகல் ஒன்பது நாற்பதுக்குக் களப் பரிசோதனை ஆரம்பமானது.

முதல் அரை மணித்தியாலம் அவர் சிவப்பு விளக்கில் நின்றார். விளக்கு பச்சையான பிறகும் பாதசாரிகளுக்கு வழிவிட்டு நின்றார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். பிறகு வீதிச் சட்டப்படி இடப்பக்கமாகவே ஓட்டினார். அந்த நகரம் முழுவதும் அவருக்கு எதிரே பிழையான பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

"கிறுக்குங்க சேர், வலப்பக்கம் கிறுக்குங்க!" என்று ஆர்த்திகா கத்தினாள். அவர் சுக்கானைத் திருப்புவதற்குள் வண்டி ஒரு பொலிஸ் ஜீப்பில் போய் மோதியது. திரையின் மேல் மூலையில் ஒரு நட்சத்திரம் பளிச்சென்று எரிந்தது.

"பாத்தியா, நட்சத்திரம் தந்திரிக்கான்!" கோணாமலையின் முகம் மலர்ந்தது. பதினெட்டு வருட சேவையில் திணைக்களம் அவருக்கு எதையும் தந்ததில்லை.

"அது பரிசு இல்ல சேர். உங்களப் பிடிக்க வாறாங்க."

அதற்குள் வாசலில் நின்ற சனம் மேசையைச் சுற்றிவிட்டது. மாட்டுக்கு உரிமைப் பத்திரம் எடுக்க வந்த சின்னத்தங்கம், "ஐயா, பின்னால பொலிஸ்! சந்துக்குள்ள உடுங்க!" என்று கிராம உத்தியோகத்தரின் தலைக்கு மேலால் வழிநடத்தினாள். அரசாங்கமும் மக்களும் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து இயங்கியதைத் தில்லந்துறை அதற்கு முன் கண்டதில்லை.

ஒரேயொரு இடைஞ்சல்தான். காரியாலயத்துக்குப் பின்னால் வாவிக்கரை. அங்கே டிப்பர்கள் வரிசையாக வந்து கண்டல் பற்றைகளுக்கு மேல் கிரவல் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தன. உதயரூபன் முதலாளி கல்யாண மண்டபம் கட்டுகிறார். வெளியே டிப்பர் போடுகிற சத்தத்தில் உள்ளே பொலிஸ் சைரன் கேட்கவில்லை. கோணாமலை கதிரையில் இருந்தபடியே கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினார்.

"சேர், அதப்பத்தி மூணு மாசத்துக்கு முந்தி நான் முறைப்பாடு தந்தனே" என்றாள் ஆர்த்திகா. "வாய்க்கால அடச்சிப்போட்டாங்க. மழைக்கு எங்கட குசினிக்குள்ள முழங்கால் தண்ணி."

"பரிசீலனையில இரிக்கு பிள்ள. நீ பெயர் போட்டு, அடையாள அட்டை இலக்கம் போட்டு, படமும் ஒட்டியெல்லா தந்திரிக்காய். அவ்வளவு ஆதாரம் இரிந்தா எனக்குச் சந்தேகம் வரும்தானே?"

இன்னொரு காரணமும் இருந்தது. அவருடைய தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியின் மூன்று இதழ்களிலும் 'உபயம்: உதயரூபன்' என்று எழுதியிருந்தது. அந்தக் காற்றை வாங்கிக்கொண்டே அந்தக் கோவையைத் திறப்பது உண்ட வீட்டுக்கு இரண்டகம் ஆகாதா?

நினைத்துக்கொண்டிருக்கையில் முதலாளியே வாசலில் வந்து நின்றார். "ஜீ.எஸ்., இந்தப் பிள்ளைக்கு மட்டும் சான்றிதழ் குடுத்திராதீங்க. நகைக்கடையெல்லாம் கொள்ளையடிச்சவள்."

"முதலாளி" என்று ஆர்த்திகா மெதுவாகக் கேட்டாள், "நகைக்கடை கத உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊரே கதைக்குது!" என்ற உதயரூபன், தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லி உடனே போய்விட்டார். தபால்காரனுக்கும் தனக்கும் மட்டுமே வந்த செய்தியை ஒரு சமூக சேவையாளர் இவ்வளவு துல்லியமாக அறிந்திருப்பதைக் கோணாமலை மனதுக்குள் பாராட்டினார்.

பிற்பகலில் பரிசோதனை முக்கிய கட்டத்துக்கு வந்தது. நகரத்தின் கடற்கரையில் ஒரு டிப்பர் நின்றது. கோணாமலை அதைக் களவெடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி சின்னத்தங்கம் உரக்க எண்ணினாள். முப்பத்தெட்டாவது செக்கனில் பொலிஸ் வந்து நின்றது. அவர் நம்பவில்லை. மறுபடியும் எடுத்தார், முப்பத்தெட்டு. மூன்றாம் முறையும் முப்பத்தெட்டு.

"யாரு அறிவிச்ச?" என்றார் கோணாமலை.

"யாரும் இல்ல சேர். களவு நடந்தா வருவாங்க."

"முறைப்பாடு? பரிசீலன? மேலிடத்துக் கோல்?"

"ஒண்டும் இல்ல சேர்."

"டிப்பர்காரன் ஆரோட ஆள் எண்டு கூடக் கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

கோணாமலை பெட்டியை மேசையில் வைத்துவிட்டார். இப்படி ஒரு பேய்க்கதையை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. முதலாளியின் பெயர் சுழல்வதை நிறுத்தி, எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. புழுக்கம் தாங்காமல் அவர் ஜன்னலைத் திறந்தார். ஒரு டிப்பர் பின்புறத்தைத் தூக்கிக் கிரவலை வாவிக்குள் கொட்டியது. கோணாமலையின் கண் பழக்க தோஷத்தில் ஜன்னலின் மேல் மூலைக்குப் போனது. அங்கே நட்சத்திரம் இல்லை, ஒரு பல்லி மட்டும் இருந்தது.

அவர் எண்ணத் தொடங்கினார். முப்பத்தெட்டு வந்தது, யாரும் வரவில்லை. ஒருவேளை பாலத்தில் நெரிசலாக்கும் என்று மறுபடியும் எண்ணினார். மூன்றாம் முறை எண்ணி முடிக்கும்போது அடுத்த டிப்பர் வந்து கொட்டியது. சாரதி அவரைக் கண்டு மரியாதையாகக் கை காட்டினான். கோணாமலைக்கு வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் காரியாலய நேரத்தில் அவருக்கு அப்படி ஓர் உணர்ச்சி வந்ததில்லை.

"சேர், மணி மூண்டரை" என்றாள் ஆர்த்திகா. "தரமாட்டன் எண்டாலும் சொல்லிருங்க. நான் போய் அவங்கட்டக் கெஞ்சிப் பார்க்கிறன்."

அவர் படிவத்தை எடுத்து எழுதினார். நேர்மையான உத்தியோகத்தர் தன் கண்ணால் கண்டதைத்தான் எழுதவேண்டும். அன்றைக்கு அவர் இரண்டு ஊர்களைக் கண்டிருந்தார். எழுதி முடித்து, கையொப்பமிட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

ஆர்த்திகா வாசித்தாள். மறுபடியும் ஒருக்கால் வாசித்தாள். "சேர், இதில இன்னொரு பிரதி தருவீங்களா?"

"என்னத்துக்கு?"

"ஒண்டு பால் கம்பனிக்கு. மற்றத என்ட முறைப்பாட்டோட சேத்து மேலிடத்துக்கு அனுப்பப்போறன்."

கோணாமலை மின்விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு இரண்டாவது பிரதியிலும் முத்திரையைக் குத்தி, மஞ்சள் கோவையிலிருந்து அவளுடைய முறைப்பாட்டையும் உருவி அதனுடன் சேர்த்துக் கொடுத்தார்.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பால் கம்பனி முகாமையாளர் அந்தச் சான்றிதழை வாசித்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, லொறித் திறப்பை அவள் கையில் கொடுத்தார். நிர்வாக வரலாற்றின் அத்தியாயத்துக்காக அதன் வாசகத்தை அப்படியே இங்கே தருகிறோம்:

"மேற்படி விண்ணப்பதாரி மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் நடைபெற்ற ஊரை நான் நேரில் பரிசோதித்தேன். அவ்வூரில் குற்றம் நடந்த முப்பத்தெட்டாவது செக்கனில் பொலிஸ் வருகிறது. ஆகவே அது எனது பிரிவுக்குள் அடங்கிய ஊர் அல்ல என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்."