இந்த வருஷம் பிரயாகைக்கு நீங்கள் வரவேண்டாம்

கோட்வா கிராமம், உயர்திரு சம்பந்தி லால்மணி அவர்களின் சமூகத்துக்கு, பர்ஹுலியிலிருந்து ஹர்தயாள் கைகூப்பி எழுதுவது.

கங்கைத்தாயின் அருளால் இங்கே அனைவரும் நலம். மாடு கன்றுகள் நலம். கடுகு வயல் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. உங்கள் மகள் கிரண் நலம். என் பேச்சைக் கேட்பதில்லை என்பதைத் தவிர என் மருமகளிடம் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவ்விடம் நீங்களும், சம்பந்தியம்மாவும், சம்பந்தியம்மாவின் முழங்காலும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

நிற்க. இது எங்களுக்குப் பன்னிரண்டாவது மாக மாத விரதம் என்பது உங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் பௌஷ பௌர்ணமிக்குப் பிரயாகை மணலில் கூடாரம் போட்டு, வைக்கோலில் படுத்து, ஒரு வேளை சாப்பிட்டு, மூன்று வேளை கங்கையில் முங்கி, மாதம் முழுக்க இருந்துவிட்டு வருகிறோம். இந்த ஒன்றையும் முடித்து, கங்கைக்கரைப் புரோகிதரான பண்டாவுக்குக் கட்டில் தானம் கொடுத்துவிட்டால் விரதம் பூர்த்தி. முடிக்காவிட்டால் முந்தைய பதினொன்றும் ஆற்றோடு போனதுதான். தம்பதியாகப் போக வேண்டும். நான் மட்டும் தனியாகப் போனால் அது குளியல், விரதம் இல்லை. தானக் கட்டில்கூடத் தயார். நடுக்கூடத்தில் போட்டிருக்கிறது. யாரும் அதில் உட்காரக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன். பூனை மட்டும் பண்டாவுக்கு முன்னாலேயே தானம் வாங்கிக்கொண்டு தினமும் அதில் தூங்குகிறது.

இக்கடிதம் எழுதும் காரணம், இந்த வருஷம் நீங்கள் எங்களோடு வரவேண்டாம் என்று தெரிவித்துக்கொள்வதே. போன வருஷம் மௌன அமாவாசைக்கு உங்களை விருந்தாளியாக அழைத்துப் போனது போதும். அன்று நடந்ததை ஊர் முழுக்க உங்கள் வாய்வழியாகத்தான் கேட்டிருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

நம் கூட்டம் தொலைந்துவிடாமல் இருக்க, நுனியில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கழியை நான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். எல்லோரும் கழியைப் பார்த்துக்கொண்டே பின்னால் வரவேண்டும் என்பது ஏற்பாடு. என் கழி குட்டை என்று நீங்கள் பேசுகிறீர்கள். கழி குட்டை இல்லை, மற்ற ஊர்க்காரர்களின் கழிகள் அநியாய உயரம். விடியலில் சங்கமம் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தால், என் பின்னால் நீங்கள் யாருமே இல்லை. எங்கிருந்தோ சத்தீஸ்கர் பக்கத்துப் பெண்கள் ஒரு படையே நிற்கிறது. அவர்கள் ஊர்க் கழியிலும் சிவப்புத் துணியாம்! அவர்களாவது 'யாரய்யா நீ' என்று வழியில் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பார்கள்? அன்றைக்கு மௌன அமாவாசை, அவர்களும் வாயைத் திறக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேரும் பக்தியோடு, பரம அமைதியாக, தப்பான ஆளைத் தொடர்ந்து வந்திருக்கிறார்கள்.

முங்கி எழுந்ததும் அவர்கள் மௌனம் முடிந்துவிட்டது. அப்புறம் பாருங்கள், பிடித்துக்கொண்டார்கள். "ஏ பெரியவரே, எங்க தலைவரை எங்கய்யா விட்டே?" "கழியைத் திருடிட்டு வந்திருக்கான்டி!" "மூஞ்சியைப் பாரு, ஏதோ நாமதான் இவரைத் தொலைச்ச மாதிரி!" நான் பதில் சொல்லவில்லை. குளித்ததும் மௌனம் முடிந்தது என்பது சோம்பேறிகளின் சட்டம். சூரியன் மறையும்வரை பேசக்கூடாது என்று நானே படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறேன். எழுதிக் காட்டியிருக்கலாமே என்று உங்கள் மருமகன் அவதேஷ் கேட்கிறான். எழுதுவதும் பேச்சுத்தான். வாய்க்குப் பதில் கை பேசுகிறது, அவ்வளவுதான்.

அவர்கள் என்னைக் காணாமல்போனவர்கள் முகாமில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மைக்கில் அறிவித்தார்கள்: "வாய் பேச முடியாத பெரியவர் ஒருவர் வந்திருக்கிறார். கையில் சிறிய கழி. முகத்தில் கோபம்." சிறிய கழி என்று சொன்னது அவர்கள் தப்பு. அதை அவதேஷின் அம்மா கேட்டாளா இல்லையா? கேட்டாள். கேட்டுவிட்டு உங்களிடம் என்ன சொன்னாள் என்பதையும் நீங்கள்தான் ஊருக்குச் சொன்னீர்கள். "ஊமையா? அப்ப எங்காளு இல்ல. எங்காளா இருந்தா இந்நேரம் மைக்கைப் பிடுங்கி அவரே பேசிக்கிட்டிருப்பாரு." இப்படிச் சொல்லிவிட்டு வளையல் கடைக்குப் போய்விட்டாள்.

நீங்கள் மட்டும் வந்தீர்கள். 'முகத்தில் கோபம்' என்றதுமே புரிந்துவிட்டது என்றீர்களாம். வந்தவர் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போக வேண்டியதுதானே? "நீங்க எங்க சம்பந்திதானா, இல்ல அவரு மாதிரி இருக்கிற வேற யாராவதா? உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேரு இருப்பாங்களாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். சொல்வேனா? என் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி, தோலை ஊதி ஊதி ஒவ்வொன்றாகத் தின்றீர்கள். சூரியன் மறைந்தது. நான் வாயைத் திறந்து, "எனக்கு ஒண்ணாவது வெச்சிருக்கீங்களா?" என்றேன். நீங்கள் வெறும் காகிதத்தை உதறிக் காட்டினீர்கள். கடலையை விரதத்தில் சாப்பிடலாம் என்பது உங்களுக்குத் தெரியாதா?

இதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் உங்கள் தம்பி மகன் கல்யாணத்தில், பந்தல் நடுவில், ஒரு கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் போல நடந்து காட்டினீர்களே, பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பெண்ணைக் கொடுத்த வீட்டார் பையனைப் பெற்றவனைக் கேலி செய்வது எந்த ஊர் வழக்கம்? அன்றிலிருந்துதான் நான் கோட்வா பக்கம் தலைவைப்பதில்லை.

இப்போது இந்த வருஷத்து ஏற்பாட்டுக்கு வருகிறேன். ஜீப் பேசியாகிவிட்டது. சாமான்களை ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று வறட்டி, வைக்கோல், சத்துமாவு, எள்ளுருண்டை, கூடார வாசலில் விதைக்க பார்லி, துளசித் தொட்டி எல்லாம் ஏற்றினேன். கடைசியில் பார்த்தால் ஓட்டுநர் உட்கார இடமில்லை. கிரண் என் வேட்டி சட்டை எல்லாவற்றிலும் உள்பக்கம் பேரும் போன் நம்பரும் நூலால் தைத்து வைத்திருக்கிறாள். உங்கள் வளர்ப்பு! "கோவணத்துலயுமா?" என்று கேட்டேன். "அதுலதான் முதல்ல தைச்சேன், மாமா. மத்ததெல்லாம் அவிழ்த்துக் கரையில வெச்சிட்டுத்தானே குளிப்பீங்க" என்கிறாள்.

இதற்கெல்லாம் நடுவில் அவதேஷின் அம்மா தன் பெட்டியைக் கீழே இறக்கிவைத்துவிட்டாள். "நான் வரலை."

"பன்னிரண்டாவது வருஷம்டீ!"

"அதுக்குத்தான் சொல்றேன். இந்த வருஷமும் நீங்க தொலைஞ்சா விரதம் யாரோட முடிக்கிறது? சம்பந்தி வரணும். கழியை அவரு தூக்கணும். மின்கம்பம் மாதிரி உசரம், மேளாவோட அந்தக் கோடியில இருந்தாலும் தெரியும். உங்களைத் தொலைச்சா தேடிக் கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளும் அவருதான்."

"அந்த ஆளை நான் கூப்பிட மாட்டேன்."

"அப்ப நான் பெட்டியை ஏத்த மாட்டேன்."

பெட்டி இன்னும் வாசலில்தான் இருக்கிறது. நானும் இறங்கிப் போகப் போவதில்லை. இதில் இன்னொரு சிக்கல் வேறு. பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெண்ணின் அப்பா தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று நீங்கள் எங்கள் அடுப்புச் சோற்றைத் தொட மாட்டீர்கள். போன வருஷம் எங்களோடு தங்கிய நாலு நாளும் கடைப் பூரியிலேயே ஓட்டினீர்கள். ஒரு மாதத்துக்கு அது ஆகுமா? அதனால் அவதேஷ் ஜீப்பில் இரண்டு அடுப்பு ஏற்றவேண்டும் என்கிறான். ஒரு அடுப்புக்கே இடமில்லை என்று நான் சொல்லிவிட்டேன். அவன் ஏற்றுகிறான், நான் இறக்குகிறேன். அவன் மறுபடி ஏற்றுகிறான், நான் மறுபடி இறக்குகிறேன். ஓட்டுநர், "ஐயா, அடுப்புக்கும் சேர்த்து வாடகை போட்டுடவா?" என்கிறான்.

ஆகவே சம்பந்தி அவர்களே, என் முடிவு இதுதான்: நீங்கள் வரவேண்டாம். நானும் கூப்பிடவில்லை. அவதேஷின் அம்மா வந்தால் வரட்டும், வராவிட்டால் கங்கைத்தாய் பார்த்துக்கொள்வாள். நான் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான் என்பது உங்களுக்கும் தெரியும்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசிகள், சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வீட்டார் எல்லோருடைய வணக்கம். உங்களுக்கு மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
ஹர்தயாள்

பின்குறிப்பு: கடிதத்தை அவதேஷின் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. இப்ப அந்த அடுப்பை நகர்த்தி வைங்க, வெயில் போகுது" என்றாள். எனவே இதையும் எழுதவேண்டியிருக்கிறது. அவதேஷ் ஏற்றிய அடுப்பை நான் இறக்கியது அது எங்கள் வீட்டு அடுப்பு என்பதால்தான். அதில் நீங்கள் சமைத்தாலும் மகள் வீட்டு அடுப்புத்தானே. இப்போது காய்கிற அடுப்பை நானே பிசைந்து செய்திருக்கிறேன். மண், உங்கள் கோட்வா ஏரி மண். ஒரு மூட்டை எடுத்துவர உங்கள் ஊருக்கு ஆள் அனுப்பினேன். ஆகவே அது உங்கள் மண், உங்கள் அடுப்பு. தோஷம் கிடையாது. கழியும் புதிதாக வெட்டியாகிவிட்டது, உங்கள் உயரத்துக்கு. நான் தூக்கிப் பார்த்தேன், வாசல் நிலையில் இடிக்கிறது. பௌர்ணமிக்கு முந்தின நாள் விடியற்காலையில் ஜீப் உங்கள் வாசலில் நிற்கும். சம்பந்தியம்மாவுக்கு முன்சீட்டு, முழங்காலை நீட்டிக்கொள்ளலாம். மௌன அமாவாசையன்று சூரியன் மறையும்வரை நான் பேசப் போவதில்லை, அதில் மாற்றமில்லை. ஒருவேளை தொலைந்துபோனால் அதே முகாமில், அதே பெஞ்சில் இருப்பேன். நிதானமாக வாருங்கள். கடலைப் பொட்டலத்தை நானே வாங்கி வைத்திருப்பேன்.