தேனீ வெட்கப்படுமா?

உத்திரமேரூர் வட்டாரத்திலேயே கதைப் புத்தகம் படித்து ஆஸ்பத்திரிக்குப் போன ஒரே ஆள் எங்கள் ரீவைண்டிங் அண்ணன்தான். நிஜப் பெயர் அவருடைய ஆதார் கார்டுக்கு மட்டும் தெரியும். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்ததால் ஊருக்கே அவர் ரீவைண்டிங்.

நாவல் என்றால் உயிர். ஆனால் தெரியாத வார்த்தை ஒன்று வந்துவிட்டால் போச்சு. கடையில் தலையணை கனத்துக்கு ஒரு அகராதி. அதில் கிடைக்காவிட்டால் செல்போன். அதிலும் இல்லையென்றால் கடைக்கு வந்தவர் மாட்டினார். சாலவாக்கத்து விவசாயி ஒருவர், "யோவ், பயிரு காயுதுய்யா!" என்று கத்த, "இருப்பா, அந்தகாரம்னா இன்னான்னு தெரியாம கை ஓடல" என்றார் இவர்.

"தெரியலன்னா தாண்டிப் போயிக்கினே இருங்கண்ணே. போவப் போவ தானா புரியும்" என்றேன் நான்.

"ஒரு போல்ட்டு மிச்சம் கீது, ஓட ஓட சரியாப்பூடும்னு உன் மோட்டார மூடித் தரட்டா?"

எங்கள் மோட்டார் அப்போது அவர் கடையில்தான் கிடந்தது.

போன வருஷம் என் முதல் நாவல் வந்தது. கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. மேடையேறிய ஒரு ரிடையர்டு தலைமையாசிரியர், "'ஞிமிறுபோல் நாணினாள்'! இந்த ஒரு வரி போதுமய்யா!" என்று கண்ணை மூடிக்கொண்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மறுநாளிலிருந்து யாரைக் கேட்டாலும், "படிக்கணும்பா." என் மனைவி முன்னுரையிலேயே தூங்கிவிட்டாள். ஒரே ஒருத்தராவது கடைசிப் பக்கம் வரை போக மாட்டாரா என்று தவியாய்த் தவித்தேன். ரீவைண்டிங் அண்ணன் மட்டும்தான் புத்தகத்தைப் பிரித்தார்.

நாலாம் நாள் காலை புத்தகத்தோடு என் வீட்டு வாசலில் நின்றார். முகம் பூசணிக்காய். ஒரு கண் மூடியே விட்டது.

"இன்னாண்ணே ஆச்சு?"

"ஞிமிறுன்னா தேனீயாம்பா, அகராதில போட்டுகீது. தேனீ எப்பிடி வெக்கப்படும்னு ஒரே ரோசனை. திருப்புலிவனத்துல ஒரு பம்ப்செட்டு கொட்டாயில கூடு கீது. கிட்ட போய்ப் பாத்தேன்."

"பாத்து?"

"வெக்கம்லாம் படல. ஊசி போட்டுக்கினு வரேன்."

சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் இருக்கிற ஒரு வாசகரும் போய்விடுவார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"அண்ணே, எனக்கே அர்த்தம் தெரியாது. ஏதோ பூவுன்னு நெனச்சி, அழகா கீதேன்னு போட்டுட்டேன்."

ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இன்னாதான் பண்ணுச்சு?"

"வெக்கப்பட்டுச்சு. அவ்ளோதான்."

"அத்த எழுதறதுக்கு இன்னா பேஜாரு?"

என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி ஞிமிறை அடித்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து மேலே படிக்க ஆரம்பித்துவிட்டார்.

முடிக்க ஐந்து மாதம் ஆனது. புத்தகம் முழுக்க அடித்தல் திருத்தல். அதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் கிரீஸோடு பதிந்திருக்கிறது. எனக்குக் கிடைத்த பாராட்டிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.